கண்ணாடிச் சீட்டு முதல் புரை ஆபரேஷன் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் பரிசோதனை செய்வதுதான் என் வேலை. முதலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருந்தேன், இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் பாதிப் பேர் கேட்பது, "எனக்கு எவ்வளவு பவர் சார்?" நான் திருப்பிக் கேட்பது, "நீங்கள் நாள் முழுக்க எவ்வளவு தூரத்தில் பார்க்கிறீர்கள்?" பவர் கண்ணைப் பொறுத்தது, கண்ணாடி வேலையைப் பொறுத்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு காசை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம். மருந்து எழுதுவதும் ஆபரேஷன் முடிவு செய்வதும் கண் மருத்துவரின் வேலை, அதில் நான் தலையிடவில்லை. தினமும் காதில் விழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

சீட்டில் -1.50, -0.75, 180 என்று எழுதியிருக்கிறது. என்ன அர்த்தம்?

முதல் எண் ஸ்பெரிக்கல். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை. கிட்டத்தில் தெரியும், பஸ் போர்டு தெரியாது. கண் கொஞ்சம் நீளமாகிவிட்டதால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. பிளஸ் என்றால் தூரப்பார்வை, அதில் கண் கொஞ்சம் குட்டை. சின்ன வயதில் கண்ணே உள்ளுக்குள் முயற்சி செய்து சமாளித்துவிடும் என்பதால் தூரப்பார்வைக்காரர்கள் பலருக்குத் தலைவலிதான் முதலில் தெரியும், மங்கல் அப்புறம்தான்.

இரண்டாவது எண் சிலிண்டர். கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல், ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் இருந்தால் வருவது. எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்த மாதிரி தெரியும், இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு கோடுகோடாகச் சிதறும். மூன்றாவது எண் அந்தச் சிலிண்டரை எந்தக் கோணத்தில் பொருத்த வேண்டும் என்பது. 1 முதல் 180 வரை எதுவும் வரலாம். "எனக்கு 180 பவராம், கண் போய்விடுமா?" என்று ஒருவர் வேர்த்துப்போய் வந்தார். அவருடைய பவர் அரைதான், 180 வெறும் கோணம்.

கீழே 'ஆட்' என்று போட்டு +1.50, +2.00 இருந்தால் அது படிப்பதற்காகக் கூட்டிக்கொள்ள வேண்டியது. 'பிடி' என்று 62, 64 இருந்தால் இரண்டு கண் பாப்பாக்களுக்கும் நடுவே உள்ள தூரம், மில்லிமீட்டரில். பவர் சரியாக இருந்தும் கண்ணாடி போட்டால் தலை சுற்றுகிறது என்றால், இந்தத் தூரத்தை அளக்காமல் லென்ஸ் வெட்டியிருக்கலாம்.

கிட்டப்பார்வைக்காரர்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செய்தித்தாளை மூக்குக்கிட்டே இருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். எழுத்து கலங்க ஆரம்பிக்கும் இடத்தை அளந்து, 100-ஐ அந்த சென்டிமீட்டரால் வகுத்தால் வருவது கிட்டத்தட்ட உங்கள் பவர். 50 சென்டிமீட்டரில் கலங்கினால் -2, 25-ல் கலங்கினால் -4. சிலிண்டர் அதிகம் இருந்தால் இந்தக் கணக்கு சரிவராது.

6/12 என்றால் பார்வை பாதியா?

இல்லை. பார்வை சரியாக உள்ளவர் 12 மீட்டரில் நின்று படிக்கும் வரியை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறீர்கள் என்று பொருள். 1862-ல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் உண்டாக்கிய முறை, இன்றும் அதுதான். இன்னொன்று: 6/6 படித்துவிட்டால் கண்ணில் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. இதைக் கீழே கண் அழுத்தம் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

கம்ப்யூட்டர் டெஸ்ட்டே போதாதா? எதற்கு அப்புறமும் எழுத்தைப் படிக்கச் சொல்கிறீர்கள்?

மிஷினில் தாடையை வைத்ததும் தூரத்தில் பலூனோ வீடோ தெரியுமே, அது கொடுக்கும் எண் ஒரு தொடக்கம்தான். அதை அப்படியே லென்ஸாகப் போட்டுக் கொடுப்பது, டெய்லர் உங்களை அளக்காமல் ஆளைப் பார்த்தே சட்டை தைப்பதற்குச் சமம். "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா" என்று சோதனை லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பதுதான் உண்மையான பரிசோதனை. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் "ஒரே மாதிரி இருக்கு" என்று தயங்காமல் சொல்லுங்கள். பரீட்சை மாதிரி நினைத்துக்கொண்டு ஏதாவது ஒன்றைச் சொல்லிவைக்கிறவர்கள்தான் ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியைத் திருப்பி எடுத்து வருகிறார்கள்.

பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். மிஷினுக்குள் பார்க்கும்போது குழந்தையின் கண் உள்ளே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இல்லாத மைனஸ் இருப்பதாகக் காட்டும். அதனால்தான் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, அந்தப் பிடிப்பைத் தளர்த்திவிட்டு, பிறகு பார்க்கிறார். சொட்டு மருந்துக்கு நேரமில்லை என்று சொல்லும் பெற்றோருக்கு நான் முதல் கண்ணாடி போட்டுக்கொடுப்பதில்லை.

பையனுக்கு வருஷா வருஷம் பவர் ஏறுகிறது. கண்ணாடி போடுவதால்தான் ஏறுகிறதா?

உயரம் ஏறுவதால் சட்டை சிறிதாகிறதா, சட்டை போட்டதால் உயரம் ஏறுகிறதா? பள்ளி வயதில் உடம்பு வளரும்போது கண்ணும் நீள்கிறது, மைனஸ் ஏறுகிறது. போடாமல் விட்டாலும் ஏறும். 'கொஞ்சம் குறைத்தே கொடுங்கள், கண் பழகட்டும்' என்று கேட்பவர்கள் உண்டு. குறைத்துக் கொடுப்பதால் பவர் ஏறுவது நிற்காது, பையனுக்குக் கரும்பலகை தெரியாமல் போவதுதான் மிச்சம்.

ஏறும் வேகத்தைக் குறைக்க இன்று வழிகள் இருக்கின்றன. செலவில்லாதது வெயில் வெளிச்சம்: தினமும் 2 மணி நேரமாவது வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. மாடியில் பந்து விளையாடினாலும் சரி, தெருவில் சைக்கிள் ஓட்டினாலும் சரி. பள்ளி முடிந்ததும் டியூஷன், அது முடிந்ததும் போன் என்று போகிற பிள்ளைக்குத்தான் இது கிடைப்பதில்லை. அடுத்தது, மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து. சிங்கப்பூரில் பல வருடம் ஆராய்ந்து வழக்கத்துக்கு வந்தது, 0.01 சதவீதத்தில் இருந்து தொடங்குகிறார்கள். இதற்கென்றே வடிவமைத்த கண்ணாடி லென்ஸ்களும் உண்டு. எது யாருக்கு என்பதைக் குழந்தைகள் கண் மருத்துவர் முடிவு செய்வார்.

பெண் குழந்தை. கண்ணாடி எழுதாமல் கீரை, காரட் கொடுத்துச் சரி செய்ய முடியாதா?

இந்தக் கேள்வி பெண் குழந்தையோடு வருபவர்களிடம் இருந்துதான் வருகிறது. பையனுக்கு யாரும் இப்படிக் கேட்டதில்லை. நாளைக்கு வரன் பார்க்கும்போது என்று இழுப்பார்கள். எட்டு வயதுப் பெண் கரும்பலகை தெரியாமல் பக்கத்தில் இருப்பவள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பாள்.

பொன்னாங்கண்ணி, முருங்கைக் கீரை, காரட், பப்பாளி எல்லாம் நல்லவை. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கருவிழியே கெட்டுப்போகும். அதைத் தடுக்க இவை வேண்டும். ஆனால் நீண்டுபோன கண்ணை எந்தக் கீரையும் சுருக்காது. கண் பயிற்சியும் பவரைக் குறைக்காது. பக்கத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் சரியாகக் குவியாத கோளாறு ஒன்று உண்டு, அதற்கு மட்டும் பென்சில் நுனியைப் பார்த்துக் கிட்டே கொண்டுவரும் பயிற்சி போன்றவை பலன் தரும்.

குழந்தைக்கு லேசாக மாறுகண் இருக்கிறது. அதிர்ஷ்டம் என்கிறார்களே?

பாட்டிகள் சொல்வதுண்டு. அந்த அதிர்ஷ்டத்தை நம்பிப் பத்து வயதுவரை விட்டுவிட்டால், விலகி நிற்கும் கண்ணை மூளை கண்டுகொள்ளாமலே விட்டுவிடும். சோம்பேறிக் கண் என்பது இதைத்தான். கண்ணில் கோளாறே இல்லாமல், பார்க்கக் கற்றுக்கொள்ளாமல் போன கண். மாறுகண் இல்லாமலும் வரும்: ஒரு கண் சாதாரணமாகவும் இன்னொன்று +4 ஆகவும் இருந்தால், குழந்தை நல்ல கண்ணை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. ஏழு, எட்டு வயதுக்குள் பிடித்துவிட்டால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் ஒட்டுத்துணியால் மறைத்து, சோம்பேறிக் கண்ணை வேலை செய்ய வைக்கலாம். பிந்திப் போகப்போக பலன் குறையும். மூன்று, நான்கு வயதில் ஒரு தடவை ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பரிசோதித்துவிடுங்கள்.

போட்டோவில் ஒரு கண் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், 'பூனைக்கண்' என்று சிரித்துவிட்டு விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோய் அப்படித்தான் முதலில் கண்ணில் படும்.

நாற்பதைத் தாண்டியதும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பவர் வந்துவிட்டதா?

வெள்ளெழுத்து. சாளேசரம் என்றும் சொல்வார்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் ஜெல்லி மாதிரி நெளிந்து கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறிக்கொள்ளும். வயது ஏற ஏற இறுகிவிடும். செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடிப்பதில் தொடங்கி, 'கை நீளம் பத்தவில்லை' என்று வரும்போது கடைக்கு வருவார்கள். இது எல்லோருக்கும் வரும். வராத மாதிரித் தெரிவது, கொஞ்சம் மைனஸ் இருப்பதால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான். பொதுவாக நாற்பதின் தொடக்கத்தில் +1.00 தேவைப்படும். அறுபதில் +2.50 பக்கம் வந்து அதோடு அநேகமாக நின்றுவிடும்.

இங்கேதான் தூரக் கணக்கு வருகிறது. ஒரு தையல்கார அக்கா கடைத்தெருவில் வாங்கிய +2.50 ரெடிமேட் கண்ணாடியோடு வந்தார். வயது 46. படிக்க நன்றாக இருக்கிறது, மிஷினில் உட்கார்ந்தால் கழுத்து விண்விண் என்று வலிக்கிறது என்றார். கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பையே வாங்கி, மிஷினில் உட்காருவது போல உட்காரச் சொல்லி, கண்ணில் இருந்து ஊசி இருக்கும் இடம்வரை அளந்தேன். 48 சென்டிமீட்டர். +2.50 லென்ஸ் போட்டால் 40 சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. பாவம், நாள் முழுக்க அந்த எட்டு சென்டிமீட்டரைக் குனிந்து குனிந்து ஈடுகட்டியிருக்கிறார். +1.50 போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊசியும் தெரிந்தது, பக்கத்தில் மேசையில் வெட்டி வைத்த துணியும் தெரிந்தது.

கம்ப்யூட்டர் திரை 60, 65 சென்டிமீட்டரில் இருக்கும், போன் 35-ல், நகைப் பட்டறையில் கல் பதிப்பவருக்கு 25-லேயே வேலை. ஒரே வயதுள்ள மூன்று பேருக்கு மூன்று விதமான கண்ணாடி வேண்டியிருக்கும்.

ரெடிமேட் கண்ணாடியே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு கண்ணும் ஒரே அளவாக, சிலிண்டர் இல்லாமல் இருப்பவருக்கு, மருத்துவர் ஒருமுறை கண்ணைப் பார்த்துவிட்ட பிறகு, அது தாராளமாகப் போதும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு கிட்டப் பார்ப்பதற்கான சாதாரணக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான ஆய்வு. கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் இலை பறிக்கும் அளவு ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. கூலி எடையைப் பொறுத்தது என்றால் இது எவ்வளவு பெரிய விஷயம்!

பைஃபோகலா, ப்ரோக்ரஸிவா?

பைஃபோகலில் மேலே தூரம், கீழே படிப்பது, நடுவே கோடு. 'கேடி', 'டி' என்று கடையில் சொல்வது அந்தக் கீழ்த்துண்டின் வடிவத்தை. விலை குறைவு, பழகுவது சுலபம். ஆனால் கம்ப்யூட்டர் தூரம் அதில் கிடையாது, கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டிவரும்.

ப்ரோக்ரஸிவில் பவர் மேலிருந்து கீழே படிப்படியாக மாறும், கோடு தெரியாது. எல்லாத் தூரமும் கிடைக்கும். அதற்கு விலையாக ஓரங்களில் கலங்கல் உண்டு, எந்தக் கம்பெனி லென்ஸிலும் உண்டு. பக்கவாட்டில் கண்ணை ஓட்டாமல் மூக்கைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம். பாப்பா எந்த உயரத்தில் நிற்கிறது என்று பிரேமைப் போட்டுவிட்டு லென்ஸில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி வைக்காத கடையில் ப்ரோக்ரஸிவ் வாங்காதீர்கள். உயரம் குறைந்த சன்னமான பிரேமும் வேண்டாம், படிக்கும் பகுதியே வெட்டுப்பட்டுப் போய்விடும்.

எழுபது வயதில் முதல் முறையாக ப்ரோக்ரஸிவோ பைஃபோகலோ கேட்டு வரும் பெரியவர்களிடம் நான் வற்புறுத்துவதில்லை. படி இறங்கும்போது கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படி மங்கும், கால் தவறும். நடமாட ஒன்று, படிக்க ஒன்று என இரண்டு கண்ணாடி வைத்துக்கொள்வது அவர்களுக்கு நல்லது. தொலைப்பார்களே என்றால், கயிறு கட்டிவிடலாம்.

ப்ளூ கட் லென்ஸ் வாங்கலாமா?

திரையின் நீல வெளிச்சத்தைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் லென்ஸ் இது. நான் விற்பவன்தான், இருந்தாலும் சொல்கிறேன்: கண் களைப்புக்காக என்றால் தேவையில்லை. 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. சாதாரண லென்ஸைவிடக் கண் களைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தில் ஒளி பிரதிபலிக்காத நல்ல கோட்டிங் போடுங்கள், இரவில் வண்டி ஓட்டும்போது உதவும்.

திரையைப் பார்த்துக் கண் எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் இமைக்க மறப்பது. நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைக்கிற ஆள், திரை முன்னால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. மேலே ஃபேன், எதிரே ஏசி. கண் காய்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரமாகப் பாருங்கள், திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். இதற்கும் அடங்காத எரிச்சல் என்றால் சிலிண்டர் ஏதும் போடாமல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

லென்ஸ், பிரேம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பவர் இரண்டுக்குள் என்றால் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் போதும். நான்கு, ஐந்தைத் தாண்டினால் 1.60, 1.67 என்று எண் போட்ட மெல்லிய லென்ஸ் பாருங்கள். எண் கூடக்கூட லென்ஸ் மெலியும், விலை ஏறும். ஆனால் பெரிய பிரேமில் 1.67 போடுவதைவிடச் சின்ன, வட்டமான பிரேமில் 1.60 போடுவது பல நேரம் அழகாக வரும். மைனஸ் லென்ஸின் தடிமன் ஓரத்தில்தான் இருக்கும், சின்னப் பிரேமில் அந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போய்விடும். குழந்தைகளுக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கும் பாலிகார்பனேட், உடைந்து கண்ணில் குத்தாது.

முந்தானையிலும் வேட்டி நுனியிலும் துடைக்காதீர்கள். தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு சோப்பு, அப்புறம் மெல்லிய துணி. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் கோட்டிங் வெடித்துவிடும்.

கான்டாக்ட் லென்ஸ் போடலாமா?

போடலாம், ஒழுக்கம் வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் லென்ஸைத் தொட வேண்டும். தூங்கும் முன் கழற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது, போட்டுக்கொண்டு கிணற்றிலும் ஆற்றிலும் நீந்தக் கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கருவிழியில் புண் வரும், மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். டப்பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கல்யாண வீட்டில் தோழிகள் ஒரே கலர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன், வயிறு கலங்கும். கண் சிவந்தால் முதல் வேலை லென்ஸைக் கழற்றுவது.

கண்ணாடிச் சீட்டை வைத்துக் கான்டாக்ட் லென்ஸ் வாங்க முடியாது. நான்குக்கு மேல் போனால் பவரே மாறும், கருவிழியின் வளைவும் அளக்க வேண்டும்.

லேசர் செய்து கண்ணாடியை ஒழித்துவிடலாமா?

பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும், கருவிழி போதுமான தடிமனாக இருக்க வேண்டும். லாசிக்கில் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மூடி போலத் திறந்து, உள்ளே லேசரால் சீவி, மூடிவிடுகிறார்கள். பிஆர்கேயில் மூடி கிடையாது, மேலிருந்தே சீவுகிறார்கள், முதல் சில நாள் வலி அதிகம். ஸ்மைல் முறையில் சின்னத் துளை வழியே உள்ளிருந்து ஒரு சில்லை உருவி எடுக்கிறார்கள். பவர் மிக அதிகமாகவோ கருவிழி மெலிதாகவோ இருந்தால், கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் ஐசிஎல் இருக்கிறது.

யாருக்கு வேண்டாம் என்பதுதான் முக்கியம். கருவிழி கூம்பு போலப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் இருப்பவருக்கு லாசிக் செய்தால் பார்வை கெடும். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிற, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டர் மாறுகிற பதின்வயதுப் பிள்ளைகளிடம் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். அவர்களுக்கு வேண்டியது கருவிழி வரைபடம் எடுப்பதும், தேவைப்பட்டால் அதை இறுக்கும் சி3ஆர் சிகிச்சையும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் காத்திருக்க வேண்டும். கண் ஏற்கெனவே காய்ந்து எரிகிறவர்களுக்கு லேசருக்குப் பின் இன்னும் கூடலாம்.

அப்புறம் ஒன்று. நாற்பத்தைந்து வயதில் லேசர் செய்துகொண்டு, மறுவாரம் 'படிக்க முடியவில்லையே' என்று கோபமாக வருகிறவர்கள் உண்டு. தூரத்துக் கண்ணாடி போகும், வெள்ளெழுத்து போகாது. வேலைக்காகச் செய்கிறீர்கள் என்றால், போலீஸ், ராணுவம், ரயில்வே ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. அந்த ஆள்சேர்ப்பு அறிவிப்பைப் படித்துவிட்டுப் பிறகு போங்கள்.

சர்க்கரை இருக்கிறது. மாதத்துக்கு ஒரு பவர் வருகிறதே?

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணில் உள்ள லென்ஸும் உப்பித் தணியும். இன்று எடுத்த பவர் மூன்று வாரத்தில் பொருந்தாது. சர்க்கரை ஒரு நாலைந்து வாரம் நிலையாக இருந்த பிறகு கண்ணாடி எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரன் இதைக் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள்.

கண்ணாடியை விடப் பெரிய விஷயம் விழித்திரை. சர்க்கரையால் அங்கே ரத்தக் கசிவு வரும்போது ரொம்ப நாள் எதுவுமே தெரியாது. 6/6 படிக்கும் கண்ணிலும் இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

புரை இருக்கிறதாம். முற்றட்டும் என்று காத்திருக்கலாமா?

அது உங்கள் தாத்தா காலத்துப் பேச்சு. அப்போது புரையால் மங்கிய கண் லென்ஸை முழுசாக வெளியே எடுத்துவிட்டு, சோடா பாட்டில் அடி மாதிரிக் கண்ணாடி போட்டு அனுப்புவார்கள். அதனால் பார்வை அநேகமாகப் போய்விடும்வரை தள்ளிப்போட்டார்கள். இன்று அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்று நீங்கள் நினைக்கும்போதே செய்துகொள்ளலாம். ரொம்ப முற்றவிட்டால் புரை இறுகி ஆபரேஷன் கடினமாகும். உப்பிக் கண் அழுத்தத்தைத் திடீரென ஏற்றவும் கூடும்.

அறுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் 'கண்ணாடி இல்லாமலே இப்போ படிக்கிறேன், பார்வை திரும்பிடுச்சு' என்று பெருமையாகச் சொன்னால், எனக்குப் புரைதான் ஞாபகம் வரும். லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது கண் மைனஸ் பக்கம் சாய்கிறது. கிட்டத்தில் தெரிகிறது, தூரத்தில் மங்குகிறது. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாளைக்குத்தான்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் குத்தின. கண் அவற்றை ஒதுக்காமல் சும்மா இருந்ததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர், 1949-ல் லண்டனில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் முதல் லென்ஸை வைத்தார். அந்த லென்ஸ் நம் ஏழைகளுக்குக் கிடைத்ததில் மதுரைக்குப் பங்குண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் என்று தனியாகத் தொடங்கி உள்ளூரிலேயே லென்ஸ் செய்தது. விலை பல மடங்கு இறங்கியது.

எந்த லென்ஸ் வைப்பது? மோனோஃபோகல் ஒரு தூரத்துக்கு மட்டும். பெரும்பாலும் தூரத்துக்கு வைத்துவிட்டுப் படிக்கக் கண்ணாடி கொடுப்பார்கள். சிலிண்டர் அதிகம் இருந்தால் டோரிக். மல்டிஃபோகலில் கண்ணாடித் தேவை குறையும், ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். இரவு லாரி ஓட்டுபவருக்கு அது தொந்தரவு, கோயிலுக்கும் பேத்தி வீட்டுக்கும் போகிற பாட்டிக்குப் பெரிதாகத் தெரியாது. சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களுக்கு மோனோஃபோகலே மேல். விலை அதிகம் என்பதாலேயே நல்லது என்று பிள்ளைகள் முடிவெடுக்கக் கூடாது. பெரியவரிடம், அவர் எதைக் கண்ணாடி இல்லாமல் பார்க்க ஆசைப்படுகிறார் என்று கேளுங்கள்.

'லேசரில் புரை எடுத்தேன்' என்று பலர் சொல்வது பெரும்பாலும் பேக்கோ, அது அல்ட்ராசவுண்ட். சில மாதமோ வருடமோ கழித்து லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கினால், அதற்கு ஒரு சில நிமிட லேசர் உண்மையிலேயே உண்டு. புரை திரும்ப வராது.

புரையும் 'பூ விழுந்தது'ம் ஒன்றா?

இல்லை. பூ என்பது கருவிழியின் மேல் விழும் வெள்ளைத் தழும்பு. புண் ஆறிய தடம். நெல் அடிக்கும்போது உமி பட்டது, கரும்புத் தோகை கிழித்தது, அதைக் கவனிக்காமல் விட்டதால் பூஞ்சை பிடித்தது என்று நம் ஊர் வயல்களில் இது நிறைய. கண்ணில் தூசி பட்டு மறுநாளும் உறுத்தினால் நாக்கால் எடுப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

கண் அழுத்தம் என்றால் என்ன? எனக்கு வலியே இல்லையே?

வலி இல்லை என்பதுதான் ஆபத்து. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். பக்கப் பார்வை முதலில் போகும். நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், 6/6 படித்துக்கொண்டே இருப்பீர்கள். போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். அம்மா, அப்பா, அண்ணன், தங்கை யாருக்காவது இருந்தால் நாற்பது வயதுக்கு முன்பே பாருங்கள். ஒரு வகையில் மட்டும் திடீரென்று கண் சிவந்து, தலை பிளக்க, வாந்தியோடு, விளக்கைச் சுற்றி வானவில் தெரியும். பித்தம் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

மெட்ராஸ் ஐ வந்தால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விடலாமா?

1918 வாக்கில் சென்னையில் முதலில் பதிவானதால் அந்தப் பெயர். ஊர் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, வைரஸ் எல்லா ஊரிலும் உண்டு. 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் ஆஸ்பத்திரி இருந்த ஊர் என்பதால் கவனித்து எழுதி வைத்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். பார்த்தாலே ஒட்டாது, கையால்தான் ஒட்டும். தனித் துண்டு, தனித் தலையணை, அடிக்கடி கை கழுவுவது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே போகும்.

மெடிக்கலில் கேட்டால் சில நேரம் ஸ்டீராய்டு கலந்த மருந்து கொடுத்துவிடுவார்கள். சிவப்பு சட்டென்று மறையும், 'நல்ல மருந்து' என்று அதையே ஆறு மாதம் விடுவார்கள். அதனாலேயே கண் அழுத்தமும் புரையும் வந்த முப்பது வயதுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, வலி இருந்தாலோ அது வெறும் மெட்ராஸ் ஐ இல்லை.

எப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது?

வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால். சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அழுத்தி விளையாடும்போது இது நடக்கிறது. ஆட்டோ தேடாதீர்கள். முதலில் குழாயடியில் இமையைத் திறந்து பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றுங்கள், துகளை அப்புறப்படுத்துங்கள், பிறகு ஆஸ்பத்திரி. ஆசிட்டுக்கும் இதேதான்.

கண்ணில் திடீரென மின்னல் வெட்டுவது போலவும், கரும்புள்ளிகள் மழை போலவும், ஓரத்தில் திரை இறங்குவது போலவும் தெரிந்தால் விழித்திரை விலகியிருக்கலாம். மைனஸ் அதிகம் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு கூட. அன்றைக்கே போக வேண்டும். பட்டாசோ இரும்புத் துகளோ குத்தியிருந்தால் கண்ணைத் தேய்க்காமல், கழுவாமல், ஒரு காகிதக் கப்பை மூடிபோல வைத்துக்கொண்டு போங்கள்.

பரிசோதனைக்கு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

பழைய கண்ணாடி, உடைந்திருந்தாலும் சரி. இப்போது விடும் சொட்டு மருந்து பாட்டில்கள். சர்க்கரை, பிரஷர் சீட்டு. நீங்கள் வேலை செய்யும்போது கண்ணுக்கும் வேலைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லி எழுதிக்கொண்டு வாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் வெறும் கண்ணோடு வரவேண்டும். பாப்பாவை விரிக்க மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெயில் கூசும். பைக்கில் தனியாக வராதீர்கள், ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வாருங்கள்.